ரெட்பேர்னில் ஒரு பகற்பொழுது

"எங்கை வேணுமெண்டாலும் இறங்கு, ரெட்பேர்னிலை மட்டும் இறங்காதை." சிட்னிக்கு வந்த முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதுவும் ஒன்று. சொன்னவர் நம்மவர்தான், நல்ல மனிதர். அவரும் அங்கே இறங்கியதில்லை. அவருக்கு யாரோ சொன்னதை எனக்குச் சொன்னார். நானும் பின்னால் வந்த நாலைந்து குடும்பங்களுக்கு அதையே சொல்லியிருக்கிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்னை அங்கே இறங்க வைத்தது சித்தப்பாவின் வழக்கு. நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன சித்தப்பாவின் கார் ஒரு சந்தியில் இன்னொரு காருடன் உரசிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. வந்த பொலிஸ்காரர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சித்தப்பா தலையை ஆட்டி "யேஸ், யேஸ்" என்றிருக்கிறார். சிவப்பு விளக்கைக் கண்டீரா? யேஸ். வேகமாக வந்தீரா? யேஸ். வழக்குப் பத்திரம் வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டோம். "அந்தத் தம்பி கதைக்கிறது எனக்குக் கேக்குது எண்டுதான் ஓம் எண்டனான். மரியாதையா நிண்டு கேக்கிறவனுக்கு இல்லையெண்டு சொல்லலாமோ?" என்றார்.

நாங்கள் போய்ப் பார்த்த சட்டத்தரணி நம் ஊர்ப் பிள்ளை, இங்கே படித்தவர். அவர் சிரிக்கவில்லை. "அங்கிள், இது இந்த நாட்டில் பழைய பிரச்சினை. பூர்வகுடி மக்களுடைய வழக்குகளில் இதைப்பற்றி நீதிபதிகளே எழுதியிருக்கிறார்கள். ஒருநாள் ரெட்பேர்னுக்குப் போய் வாருங்கள். அவர்கள் தங்களுக்கென்று ஒரு சட்ட அலுவலகத்தைத் தொடங்கிய இடம் அதுதான்" என்றார்.

வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு முதல் நிலையம் ரெட்பேர்ன். வெளியே வந்ததும் லோசன் வீதிப் பாலத்தின் நீண்ட சுவரில் 1983 இல் வரைந்த பெரிய ஓவியம். மங்கிப்போய், பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இந்த மண்ணில் அவர்களுடைய நாற்பதாயிரம் ஆண்டு வாழ்வைச் சொல்வது. நாங்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசுகிறவர்கள். அந்தச் சுவருக்கு முன்னால் சற்று அடக்கமாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. அருகே எவெலீ வீதி. 1973 இல் அரசாங்கப் பணத்தில் பூர்வகுடிகளின் வீடமைப்பு நிறுவனம் இங்கே வீடுகளை வாங்கத் தொடங்கியது. அந்தப் பழைய வீடுகள் இப்போது இல்லை. பூர்வகுடிக் குடும்பங்களுக்கான 62 புதிய வீடுகளும் மாணவர் தங்கும் உயர்ந்த கட்டடமும் நிற்கின்றன. பயப்படுவதற்கு நான் கண்டது ஒன்றுமில்லை. கோப்பிதான் விலை கூட.

1960களின் கடைசியில் இந்த வீதிகளில் இரவு ஒரு நேரத்துக்குப் பிறகு நடக்கும் கறுப்பு மனிதரைப் பொலிஸ் வண்டியில் ஏற்றுவது வழக்கமாயிருந்தது. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஊரடங்கு. ஊரடங்கு என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. போல் கோ, கேரி வில்லியம்ஸ், கேரி ஃபோலி போன்ற இளைஞர்கள் மதுச்சாலைகளுக்கு வெளியே நின்று, பொலிஸார் செய்வதைக் கொப்பியில் குறித்தார்கள். பிறகு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஹால் வூட்டனை அணுகினார்கள். 1970 இல் பூர்வகுடிகள் சட்ட சேவை பிறந்தது. சட்டத்தரணிகள் முறை வைத்து இலவசமாக வந்தார்கள். இந்த நாட்டில் ஏழைகள் தெருவிலிருந்து நேரே நுழையக்கூடிய இலவசச் சட்ட அலுவலகங்களுக்கு இதுதான் முன்னோடி. அடுத்த ஆண்டே இதே ரெட்பேர்னில் அவர்களுடைய மருத்துவ சேவையும் தொடங்கியது.

எனக்குப் பிடித்தது அவர்கள் வேலைசெய்யும் விதம். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே களப்பணியாளர் ஒருவர் இருப்பார், அதே சமூகத்தவர். வந்தவர் யாருடைய பிள்ளை, எந்த ஊர், வீட்டில் செத்தவீடு நடக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. அதைக் குற்ற உணர்வென்று நீதிமன்றம் எண்ணக்கூடாது. கேள்விக்குப் பின் நீண்ட மௌனம் யோசனை. அதை மறுப்பென்று கொள்ளக்கூடாது. இதெல்லாம் வேறெங்கோ கேட்டது போலிருக்கிறதல்லவா?

சித்தப்பாவின் "யேஸ்" வியாதிக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 1976 இல் வட பிராந்திய உயர் நீதிமன்றத்தில், அனுங்கா வழக்கில், நீதிபதி ஃபோஸ்டர் விதிகள் வகுத்தார். பூர்வகுடிகள் பலர் பண்பு காரணமாக, கேட்பவர் விரும்பும் பதிலையே சொல்லிவிடுவார்கள். ஆகவே பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கூடாது. மொழி போதாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். களைத்தவரை விசாரிக்கக்கூடாது. தேநீரோ தண்ணீரோ கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்.

ஆனால் விதி எழுதினால் போதுமா? காவலில் நிகழ்ந்த 99 மரணங்களை விசாரித்த ஆணைக்குழு 1991 இல் 339 பரிந்துரைகள் செய்தது. வூட்டனும் அதில் ஓர் ஆணையாளர். அதற்குப் பிறகும் 500க்கு மேற்பட்டோர் காவலில் இறந்துள்ளனர். அந்தப் பரிந்துரைகளின் பயனாக 2000 ஆம் ஆண்டு முதல் இந்த மாநிலத்தில் ஒரு நடைமுறை உண்டு: பூர்வகுடி ஒருவரைப் பிடித்தால் பொலிஸார் சட்ட சேவைக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் ஒரு சட்டத்தரணி எடுப்பார். சட்டம் பேசுவதோடு சுகமா, மருந்து வேண்டுமா, வீட்டுக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் விசாரிப்பார். 2016 இல் மெய்ட்லண்ட் பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் இறந்தார். குற்றத்துக்காக அல்ல, போதையில் இருக்கிறார் என்று அடைத்ததால், அந்த அழைப்பு எடுக்கப்படவில்லை. அந்த ஓட்டை பிறகுதான் அடைக்கப்பட்டது. வேறொரு நாட்டில், ஆளைக் கொண்டுபோன ஜீப் எங்கே போனதென்று முகாம் முகாமாக அலைந்த தாய்மாரை அறிந்தவன் நான். ஒரு தொலைபேசி அழைப்பின் பெறுமதி எனக்குத் தெரியும்.

திரும்பும்போது நிலையத்து வாங்கில் ஒரு முதிய பூர்வகுடி மனிதர். எங்கிருந்து என்றார். வென்ட்வேர்த்வில் என்றேன். "அதுக்கு முன்?" என்றார். ஊரின் பெயரைச் சொன்னேன். "உன்னுடைய ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா?" சிலர் என்றேன். பிறகு இருவரும் பேசவில்லை. ரயில் வரும்வரை அப்படியே இருந்தோம்.

சித்தப்பாவின் வழக்குக்குத் தவணை போட்டிருக்கிறது. அன்றைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார். வாசகர்களே, உங்களுக்கும் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள் என்று சித்தப்பாவைத் தினமும் பழக்குகிறோம். "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்று வடிவாகத்தான் சொல்கிறார். "இனி இப்படியே சொல்லுவியளோ?" என்று ஆங்கிலத்தில் மகன் கேட்டால், தலையை ஆட்டிக்கொண்டு "யேஸ், யேஸ்" என்கிறார். அவருக்குக் கேள்வி விளங்கியதோ என்னவோ.