கொறங்காட்டு வேலியும் பட்டி நாயும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியெங்கும் கொறங்காடுகள். கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கிளுவைக்குள் புகும் நாய்க்குக் கிளை வளைந்து கொடுக்கும், கீறலோடு போய்விடும். வேலி பட்டுப்போன இடத்தில் கல்கால் ஊன்றி முள்கம்பி இழுத்த காடுகளில் அப்படியில்லை. ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாய், இரவில் வேற்று நாய்களை விரட்டிக்கொண்டு கம்பிகளுக்கிடையே பாய்கிறது. நெஞ்சு, வயிறு, தொடை கிழிகின்றன.

வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே தோல் சதையைவிட்டுப் பிரிந்து பைபோல இருக்கும். மயிர் மூடிக்கொள்வதால் பலர் கவனிப்பதே புழு வைத்த பிறகுதான்.

கம்பியில் சிக்கிய நாயை இழுக்கக் கூடாது. வலியில் வளர்த்தவரையே கடிக்கும். தலையைச் சாக்கால் மூடி, கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். சுண்ணாம்பும் கழிவு ஆயிலும் வேண்டவே வேண்டாம். நெஞ்சுக் காயத்தில் காற்று போய்வரும் சத்தம் கேட்டால், கழுவிக்கொண்டிருக்காமல் ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே கிளம்ப வேண்டும்.

கம்பி போட்டவர்களும் மழைக்கு முன் அதையொட்டி உள்பக்கமாகக் கிளுவைப் போத்து நெருக்கமாக நடலாம். அடர்ந்துவிட்டால் நாய் கம்பிவரை போகாது.