மார்கழியில் பூத்த மடகாஸ்கர்க்காரி

ஆர்க்கிட் என்றதும் நம்மில் பலருக்குக் கல்யாண மண்டபத்து மேடைதான் ஞாபகத்துக்கு வரும். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக, நிஜமோ பிளாஸ்டிக்கோ என்று கிள்ளிப் பார்க்கத் தோன்றுமே, அந்தப் புஷ்பம்! நான் சொல்ல வந்தது அதன் தூரத்து உறவுக்காரி ஒருத்தியைப் பற்றி. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்து மகாசமுத்திரத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவுதான் அவளுக்குப் பிறந்த வீடு. முழுப் பெயர் ஆங்க்ரேகம் ஸெஸ்குவிபெடாலே. எங்கள் வீட்டில் இந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்லக் கூடியவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பெண் ஒருத்திதான். என் தாயார் சூட்டிய 'மடகாஸ்கர்க்காரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பெங்களூரில் ஆர்க்கிட் வளர்க்கும் ஒருவரிடம் அதை வாங்கினேன். காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியா, விதை போட்டு வளர்த்த செடியா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். நீங்களும் வாங்கப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் வாஷிங்டனில் 'ஸைட்டீஸ்' என்ற உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1976-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. உலகத்து ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அதன் பட்டியலில் அடங்கும். ஆகவே வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியில் புடவைக்கு நடுவே ஒரு செடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவதெல்லாம் நடக்காத காரியம்.

என்னுடைய செடி கண்ணாடிப் புட்டியில் முளைத்து வளர்ந்தது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லுக்கும் தேங்காய்க்கும் தாய் கட்டிக் கொடுத்து அனுப்பும் சாப்பாடு அதற்குக் கிடையாது. காட்டில் ஏதாவது ஒரு பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சணம் இல்லாமலே, சர்க்கரை கலந்த பாகில் விதைகளை முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் நூட்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். அந்தப் புண்ணியத்தில்தான் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் என்னைப் போன்றவளுக்கும் ஆர்க்கிட் கிட்டுகிறது.

2022-இல் அம்மா எங்களோடு வந்து தங்கினாள். அதற்கு முந்தின வருஷம் அப்பா காலமாகிவிட்டார். மாயவரத்து வீட்டில் முல்லையும் கனகாம்பரமும் செம்பருத்தியுமாகக் கொல்லை நிறைய வளர்த்தவள். இங்கே எங்கள் பால்கனியின் அகலம் நாலடி. வந்த மறுநாள் அதைச் சுற்றிப் பார்த்தாள். அதாவது நின்ற இடத்திலேயே ஒரு முறை திரும்பினாள்.

"இது என்னடி, தொட்டியில் மண்ணே இல்லை? கரியும் செங்கல்லும் போட்டு வைத்திருக்கிறாய்!"

"மண்ணில் வைத்தால் செத்துவிடும் அம்மா. இது மரத்தின் மேல் வளர்கிற செடி."

"புல்லுருவியா?"

நல்ல கேள்வி. நம் மாமரத்தில் வந்து உட்காரும் புல்லுருவி, மரத்துக்குள்ளேயே வேரை விட்டு உறிஞ்சிவிடும். மடகாஸ்கரின் கிழக்குக் கரையோரக் காடுகளில் இந்த ஆர்க்கிட் மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்குமே தவிர, மரத்திடமிருந்து ஒரு சொட்டும் எடுக்காது. மழையில் வழிந்து வருவதும் பட்டையில் தங்கும் சருகுத் தூளும் அதற்குப் போதும். இதைச் சொன்னதும் அம்மா, "ஒண்டுக் குடித்தனம்தான், ஆனால் வாடகை பாக்கி இல்லை என்கிறாய்" என்றாள்.

அந்த மாதங்களில் அம்மா இப்படி இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதே அபூர்வம். இரவில் தூக்கம் கிடையாது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஒன்றுமில்லை, நீ போய்ப் படு, காலையில் ஆபீஸ் போக வேண்டாமா?" என்பாள். மாயவரத்துக்கே திரும்பிப் போய்விடுகிறேன், தனியாக இருந்துகொள்கிறேன் என்று வாரம் ஒரு தடவையாவது சொல்வாள். அவளுக்கு மூட்டு வலியும் ரத்த அழுத்தமும் உண்டு. அந்த வீட்டிலோ பதினான்கு படி இறங்கிக் கொல்லைக்குப் போக வேண்டும். என் கணவர், "உங்கள் இஷ்டம் அத்தை, ஆனால் வெயில் தணியட்டும்" என்பார். வெயில் தணிந்தால், "மழை விடட்டும்" என்பார்.

என் பத்திரிகை உத்தியோகத்தில் வீடு திரும்பும் நேரம் எனக்கே தெரியாது. ஆகவே செடியின் பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைத்தேன். பிரம்மாதமான தியாகமெல்லாம் இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் தேவைப்பட்டது. ஆனால் அம்மாவின் கைக்கு வேளாவேளைக்கு ஊற்றித்தான் பழக்கம். குழந்தையானாலும் செடியானாலும் அவளுடைய பிரியம் ஊட்டுகிற பிரியம்! இந்தச் செடிக்கோ அது ஆகாது.

அதன் வேரைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுண்டுவிரல் தடிமனில் வேர் தொட்டியை விட்டு வெளியே ஓடும். அதன் மேல் பஞ்சு போல் ஒரு உறை. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம்; நனைந்தால் அந்த உறை தண்ணீரைக் குடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பச்சை தெரியும். வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் போய்விட வேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம். வேறு சில ஆர்க்கிட்டுகளுக்கு அடியில் வெங்காயம் போல் ஒரு குமிழ் உண்டு, தண்ணீரைச் சேர்த்து வைக்க. இதற்கு அதுவும் இல்லை. ரொம்ப நாள் காயவும் விடக்கூடாது. ஊற்றுவதைக் காலையில் ஊற்றிவிட வேண்டும். மாலையில் ஊற்றி, இலைகளின் நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும். ஒற்றைத் தண்டாக மேலே மேலே வளரும் செடி, குருத்து போனால் பெரும்பாலும் கதை முடிந்தது.

இன்னொரு விஷயம், சென்னையில் பல வீடுகளில் வரும் போர் தண்ணீர் இதற்கு விஷம் மாதிரி. உப்பு வேரில் வெள்ளையாகப் பூத்து, நுனிகள் கருகிவிடும். அம்மா மொட்டை மாடிக் குழாயின் கீழ் ஒரு பழைய அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்து மூடி வைத்தாள். அடுக்கு மாடிச் செயலாளர் அண்டாவைப் பற்றி ஆட்சேபம் எழுப்பியதும், அம்மா அவரிடம் அரை மணி நேரம் ஆர்க்கிட் பாடம் நடத்தியதும் தனிக் கதை. இப்போது அவர் வீட்டு மல்லிகைக்கும் அந்த அண்டாவிலிருந்துதான் தண்ணீர் போகிறது.

வெயில் காலையில் எட்டரை மணி வரைக்கும் போதும். அதற்கு மேல் வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் பச்சை வலை கட்டி, காற்றோட்டமாக வைத்தோம். உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு கரைத்தால் தாராளம். இலையின் அடியில் செதிள் பூச்சி ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

தொட்டி மாற்றுவதுதான் ஆபத்து. 2023 ஜனவரியில் வேர்கள் தொட்டியைப் பிளக்கும் போல் இருந்தன. இந்தச் செடிக்கு வேரைக் கலைத்தால் பிடிக்கவே பிடிக்காது. ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூடப் பூக்காமல் முரண்டு பிடிக்கும் என்று அம்மாவிடம் விளக்கினேன். அவள் வேரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பின்னே, பிடிக்குமா?" என்றாள். பழைய தொட்டியை அப்படியே ஒரு பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நிரப்பினோம். ஒரு வேரையும் தொடவில்லை.

அந்த வருஷம் ஐப்பசிக்கு மாயவரம் போவதென்று அம்மா தீர்மானம் செய்து டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, இலையின் இடுக்கில் ஒரு பச்சை முளை எட்டிப் பார்த்தது. வேரா, பூந்தண்டா? என் கணவர் வேர் என்றார். என் பெண் பூ என்றாள். ஒரு வாரத்தில் பெண் ஜெயித்தாள்.

இந்தச் சமயத்தில் செடியை நகர்த்தவோ திருப்பவோ கூடாது. மொட்டுகள் வெளிச்சத்தின் திசையைப் பார்த்துத் தம்மைத் திருப்பிக்கொண்டு நிற்கும். இடம் மாற்றினால் பூ கோணலாகிவிடும். அம்மா யோசித்தாள். "உன் கையில் விட்டுவிட்டுப் போனால், பெருக்குகிறவள் நகர்த்துவதைக்கூட நீ பார்க்க மாட்டாய்" என்று சொல்லி, டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மொட்டு பெரிதாகப் பெரிதாக, அதன் பின்னால் ஒரு பச்சை வால் நீண்டுகொண்டே போயிற்று. என் கணவர் ஸ்கேல் வைத்து அளந்தார். கடைசிக் கணக்கு பதினோரு அங்குலம்! ஸெஸ்குவிபெடாலே என்றால் லத்தீனில் ஒன்றரை அடி என்று அர்த்தமாம். இந்தப் பூவை 1798-இல் மடகாஸ்கரில் கண்ட பிரெஞ்சுக்காரர் து பெத்தி தூவார் 1822-இல் விவரித்து வெளியிட்டார்.

மார்கழி பிறந்து ஐந்தாறு நாள். இரவு ஒரு மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குத்தான் ஏதோ உடம்புக்கு என்று நினைத்தேன். "வந்து பார்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இரண்டு நாளைக்கு முன் பச்சையாக அவிழ்ந்த பூ, இப்போது மெழுகால் செய்த வெள்ளை நட்சத்திரமாக நின்றது. பகலில் மோந்து பார்த்து ஏமாந்த பூவிலிருந்து, மல்லிகையும் தாழம்பூவும் அல்லாத ஒரு வாசனை கூடம் வரைக்கும் வந்திருந்தது. அம்மா நாற்காலியைப் பால்கனிக் கதவருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"ராத்திரியில் மட்டும் ஏன் மணக்கிறது?"

சொன்னேன். 1862-ஆம் ஆண்டு ஜனவரியில் டார்வினுக்கு ஜேம்ஸ் பேட்மன் என்ற ஆர்க்கிட் பிரியர் சில பூக்களை அனுப்பினார். இதுவும் அதில் இருந்தது. வாலின் கடைசி ஒன்றரை அங்குலத்தில்தான் தேன் இருக்கிறது என்று டார்வின் கண்டார். அதை எட்டிக் குடிக்க அத்தனை நீள நாக்குள்ள ஓர் அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே தீர வேண்டும் என்று அந்த வருஷமே புஸ்தகத்தில் எழுதினார். பூச்சி சாஸ்திரிகள் சிலர் கேலி செய்தார்கள். 1867-இல் வாலஸ் மட்டும் அவர் பக்கம் நின்றார். 1882-இல் டார்வின் இறந்தார். 1903-இல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டானும் அந்தப் பூச்சியை விவரித்து, 'முன்னறிவிக்கப்பட்டது' என்று பொருள்படும் பிரெடிக்டா என்ற பெயரைச் சேர்த்தார்கள். 2021-இல் அது தனி இனம் என்றே முடிவாயிற்று.

"அவர் பார்க்கவே இல்லையா?"

"இல்லை அம்மா."

சற்று நேரம் கழித்து, "அந்தப் பூச்சி நம் ஊரில் உண்டோ?" என்றாள். இல்லை என்றேன். "அப்படியானால் இத்தனை வாசனையும் யாருக்கு?"

மகரந்தக் கட்டியை ஒரு குச்சியால் எடுத்து நாமே சேர்த்து வைக்கலாம், காய் பிடிக்கும், ஆனால் மாதக்கணக்கில் சுமக்கச் செடிக்குச் சிரமம், விதையை முளைக்க வைக்கப் பரிசோதனைச் சாலையும் வேண்டும் என்றேன். அம்மா யோசிக்கவே இல்லை. "ஒன்றும் வேண்டாம். அது பாட்டுக்குப் பூக்கட்டும்."

பூ மூன்று வாரம் இருந்தது. கடைசியில் பழந்தாள் நிறமாகி வாடியது. அத்தனை இரவும் அம்மா அங்கேதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கியும் போவாள். என் கணவர் சத்தம் செய்யாமல் சால்வையைப் போர்த்திவிட்டு வருவார்.

தை பிறந்ததும் அம்மா மாயவரம் போனாள். இரண்டு மாதம் இருந்தாள். பதினான்கு படியையும் பார்த்துவிட்டு, பங்குனியில் அவளே பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு சாக்கு மூட்டை. கொல்லையில் வெட்டிப் போட்ட தென்னை மட்டையைக் காயவைத்துத் துண்டு போட்டு எடுத்து வந்திருந்தாள், தொட்டிக்கு.