பெர்க்லிக்கு மைசூர் வழியாக

அமெரிக்காவில் பத்து நாள் இருக்கப்போகிறவர் பெர்க்லிக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்? சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பியைக் கேட்டால், அரை நாள். அவன் போட்டு அனுப்பிய பயணத் திட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் இருந்தது, லாஸ் வேகாஸ் இருந்தது, கிராண்ட் கேன்யன் இருந்தது. பெர்க்லிக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு வரை. "அங்கே ஒரு யுனிவர்சிட்டிதான் இருக்கு அக்கா. பார்க்கிங்கே கிடைக்காது" என்றான் போனில். நான் திருத்தி அனுப்பிய திட்டத்தில் பெர்க்லி ஏழு நாள், அவன் வீடு மூன்று நாள். கிராண்ட் கேன்யன் இல்லை. முதல் தடவை அமெரிக்கா போகிறவள், அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா என்று தெரியாதவள், இப்படிச் செய்யலாமா என்று குடும்பமே கேட்கிறது.

இந்தப் பிடிவாதத்தின் காரணம் மைசூரில் யாதவகிரியில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம். விவேகானந்தர் சாலையில் ஆர்.கே. நாராயண் நீண்ட காலம் வாழ்ந்த வீடு. அவர் 2001ல் சென்னையில் காலமானார். 2011ல் இந்த வீட்டை இடிக்கும் வேலை தொடங்கியபோது நகரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மாநகராட்சி அதைப் பெற்றுப் பழுது பார்த்து 2016ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. மாடியில் அரைவட்டமாக ஜன்னல்கள் சூழ்ந்த ஓர் அறை. எழுதுவதற்காகவே கட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே சாமுண்டி மலை தெரியும்படி அமைத்த அந்த அறையில் உட்கார்ந்து எழுதாமல், தன் நாவல்களில் அதிகம் பேசப்பட்ட 'தி கைடை' அவர் பெர்க்லியில் ஒரு ஹோட்டல் அறையில் எழுதினார் என்பதுதான் வேடிக்கை.

1956ல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதி உதவியில் அவர் அமெரிக்கா போனார். வயது ஐம்பது. இன்றைக்கு மகனையும் மகளையும் பார்க்க முதல் தடவை விமானம் ஏறும் மைசூர்க்காரர்களின் வயதைவிடச் சற்றுத்தான் குறைவு. பல நகரங்களுக்குப் போனார், நியூயார்க்கில் கிரெட்டா கார்போவைக்கூடச் சந்தித்தார். ஆனால் தங்கியது என்று சொன்னால் பெர்க்லியில்தான். மூன்று மாதம் அறை எடுத்து நாவலை எழுதினார். பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி 'மை டேட்லெஸ் டைரி' என்று ஒரு புத்தகமும் வந்தது.

அறையில் உட்கார்ந்து எழுதியதோ முழுக்க முழுக்க மைசூர். ஒரு கடும் வறட்சியில் கிருஷ்ணராஜசாகர் அணை வற்றி, அடியில் மூழ்கியிருந்த பழைய கோயில் வெளியே தெரிந்ததாம். காவிரியின் காய்ந்த படுகையில் சிரமப்பட்டு நீர் சேர்த்து, முழங்கால் அளவு நீரில் நின்று பதினோரு நாள் ஜபம் செய்தார்களாம். பன்னிரண்டாவது நாள் மழை. கதையின் பொறி அதுதான் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பயணத்தின்போதுதான் அது கதையாக உருத்திரண்டது. 1958ல் புத்தகம் வந்தது, 1960ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஊரில் இருந்தபோது கைக்கு வராத காவிரி, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்திருக்கிறது. மூன்று மாதம் எனக்குக் கிடைக்காது. ஏழு நாளாவது வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை என்றே தோன்றுகிறது.

நாராயணை விட்டுவிட்டாலும், முதல் அமெரிக்கப் பயணத்துக்கு இந்த அளவு ஊர்தான் சரி என்பேன். 2020 கணக்கெடுப்பின்படி பெர்க்லியின் மக்கள்தொகை 1,24,321. மைசூர் 2011லேயே ஒன்பது லட்சத்தைத் தொட்டுவிட்டது. நம் கணக்கில் பெர்க்லி ஒரு தாலுகா தலைநகரம். நிலப்பரப்பு சுமார் 27 சதுர கிலோமீட்டர். கார் ஓட்டத் தெரியாத, ஓட்டும் உத்தேசமும் இல்லாத ஒருவர் தன் காலை நம்பி இருக்கக்கூடிய அமெரிக்க ஊர்கள் அதிகமில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன எத்தனையோ பெற்றோர் ஆறு மாதமும் சோபாவில் உட்கார்ந்துவிட்டு வந்த கதையை யாதவகிரி பூங்காவில் எந்தக் காலை நடையிலும் கேட்கலாம். வாரம் முழுக்க வீட்டுச் சிறை, சனிக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஒரு நீர்வீழ்ச்சி. கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வரும் சுதந்திரம் இல்லாத இடத்தில் நீர்வீழ்ச்சி எம்மாத்திரம்?

மைசூரில் வழி தவறினால் சாமுண்டி மலையைத் தேடுகிறோம். பெர்க்லியிலும் அதே உபாயம் செல்லுபடியாகும். கிழக்கே குன்றுகள், மேற்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. ஏறினால் கிழக்கு, இறங்கினால் மேற்கு. நடுவில் பல்கலைக்கழகம். அதன் மணிக்கூண்டு 307 அடி உயரம், லிப்ட் உண்டு. வளாகத்தின் தெற்கு வாசலிலிருந்து புறப்படுவது டெலிகிராப் அவென்யூ. நாராயண் தங்கிய கார்ல்டன் ஹோட்டல் இருந்தது இந்தத் தெருவில்தான். அந்த அறையைத் தேடிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அதே தெருவில் 1959ல் தொடங்கிய 'மோஸ் புக்ஸ்' என்ற பழைய புத்தகக் கடை நாலு மாடிக்கு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அதுவே கிராண்ட் கேன்யன்.

விமான நிலையத்திலிருந்து யாரும் காரில் வந்து அழைத்துப் போக வேண்டியதில்லை என்பதும் இந்த ஊரின் சௌகரியம். 1972ல் ஓடத் தொடங்கிய 'பார்ட்' ரயில் 2003 முதல் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது. ஊர் நடுவில் 'டவுன்டவுன் பெர்க்லி' ஸ்டேஷனில் இறங்கினால் பல்கலைக்கழகம் நடக்கிற தூரம். பகலில் நேர் ரயில் உண்டு, இரவில் மாற வேண்டியிருக்கலாம். அதனால் பகலில் இறங்கும் விமானமாகப் பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் 2021 ஜனவரியில் தொடங்கியபோது மைசூரே பூரித்தது. இத்தகைய நீண்ட தூரச் சேவைகள் வரும், நிற்கும். டிக்கெட் எடுக்கும் மாதத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எப்போது போவது? கலிபோர்னியா என்றால் வெயில் என்று நினைத்துக் காட்டன் சேலைகளை அடுக்கிக்கொண்டு ஜூலையில் போய் இறங்குகிறவர்கள் நடுங்குவார்கள். கடலிலிருந்து வரும் பனிமூட்டம் கோடையில் காலையும் மாலையும் ஊரை மூடும். அந்த வட்டாரத்தில் உண்மையான வெயில் செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். அது மைசூரில் தசரா மாதம். ஊர் முழுக்க விருந்தாளிகள் வந்து குவியும்போது ஊரைவிட்டுக் கிளம்புவது மைசூர்வாசிகளுக்கு ஒன்றும் கசக்காது. மே மாத நடுவைத் தவிர்த்துவிட வேண்டும். பட்டமளிப்பு விழா வாரம் அது. தசராவில் தேவராஜ அரசு சாலைப் பக்கம் அறை தேடுவது மாதிரி இருக்கும். இலையுதிர் காலத்தில் கால்பந்துப் போட்டி நடக்கும் சனிக்கிழமைகளும் அப்படியே.

சாப்பாட்டுப் பிரச்சினையில் நாராயணே முன்னோடி. கேரட், தக்காளி தவிர வேறெதுவும் கண்ணில் படாத சைவர், கடைசியில் ஹாட் பிளேட் ஒன்று வாங்கி அறையிலேயே சோறு வடித்தார். இன்றைய ஹோட்டல் அறையில் அதைச் செய்தால் தீ அலாரம் அலறும். அதனால் சிறிய சமையல் மூலை உள்ள அறையாகப் பிடிப்பது உத்தமம். அரிசி மூட்டையைப் பெட்டியில் வைக்க வேண்டாம். கப்ரா என்ற தானிய வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவரக் கூடாது என்று அமெரிக்காவில் தடை இருக்கிறது, இந்தியா அந்தப் பட்டியலில் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் நோய்க்குப் பயம். கொண்டு போகிற தின்பண்டம் எதுவானாலும் சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால் தொல்லையில்லை. பொன்னி அரிசியும் தயிரும் அங்கேயே கிடைக்கின்றன. நாராயண் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குப் பெர்க்லியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சங்க இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்களான ஏ.கே. ராமானுஜனையும் ஜார்ஜ் ஹார்ட்டையும் இரண்டு ஊர்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ராமானுஜன் 1929ல் மைசூரில் பிறந்தார். 1959ல் அமெரிக்கா போனார். குறுந்தொகையை அவர் கண்டெடுத்தது மைசூரில் அல்ல, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில். ஹார்ட் பெர்க்லியில் பல்லாண்டு தமிழ்ப் பேராசிரியர். ஹாங்க் ஹைபெட்ஸுடன் சேர்ந்து அவர் செய்த புறநானூறு மொழிபெயர்ப்பு 1999ல் வெளிவந்தது. தமிழ் ஏன் செம்மொழி என்று அவர் 2000 ஏப்ரலில் எழுதிய கடிதம் தமிழ்நாட்டு மேடைகளில் எத்தனை தடவை எடுத்துக்காட்டப்பட்டிருக்கும் என்று கணக்கில்லை. 2004ல் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. அதற்கான உயராய்வு மையம் முதலில் இயங்கியது எங்கே? மைசூரில், மானசகங்கோத்ரியில், இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தில். 2008ல்தான் சென்னைக்கு மாறியது.

சிகாகோவிலும் பெர்க்லியிலும் தமிழ்ப் புத்தகங்கள் இவ்வளவு சேர்ந்தது எப்படி என்பது ரேஷன் கடையோடு சம்பந்தப்பட்ட கதை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பி.எல்.480 என்ற சட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கான விலையை இந்தியா டாலரில் அல்ல, ரூபாயில் கொடுத்தது. இங்கேயே குவிந்த அந்த ரூபாயில் ஒரு சிறு பங்கைக்கொண்டு 1962 முதல் இந்தியாவில் வெளியான புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். பெர்க்லியும் அவற்றில் ஒன்று. நாம் சப்பாத்தி சாப்பிட்டோம், அவர்கள் தமிழ் நாவல்களை அடுக்கி வைத்தார்கள். நம் ஊர் நூலகங்களில் கரையான் தின்றதும் பழைய பேப்பர்காரரிடம் போனதும் அங்கே பத்திரமாக இருந்தால் ஆச்சரியமில்லை. நான் தேடும் இரண்டு அறுபதுகளின் மொழிபெயர்ப்பு நூல்கள் இங்கே எங்கும் அகப்படவில்லை. ஏழு நாளில் மூன்று நாள் அதற்குத்தான். வெளியாட்கள் நூலகத்துக்குள் போக விதிகள் உண்டு, கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரைப் பற்றி இனிப்பாகவே பேசினால் பாதி உண்மைதான். 1915ல் பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாயும் மனைவி கலா பகாயும் கலிபோர்னியா வந்தார்கள். பெர்க்லியில் வீடு வாங்கினார்கள். சாமான்களோடு குடிவந்த அன்று அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விட மறுத்தார்கள். அவர்கள் திரும்பிப் போனார்கள். 1923ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. குடியுரிமையை இழந்த வைஷ்ணோ தாஸ் 1928ல் தற்கொலை செய்துகொண்டார். கலா பகாய் அமெரிக்காவிலேயே வாழ்ந்து இந்தியக் குடும்பங்களுக்கு ஆதரவாக இருந்தார். 2020ல் பெர்க்லி நகர மன்றம் ஊரின் மையத்தில் ஷாட்டக் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்தது. பார்ட் ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்தால் இரண்டு நிமிட நடை. வரவேண்டாம் என்று கதவைச் சாத்திய ஊர், நூறு வருஷம் கழித்து அதே பெண்ணின் பெயரில் முகவரி தருகிறது. முதல் நாள் மாலை அங்கே போய்த்தான் நிற்கப் போகிறேன்.

இத்தனையும் விசா கிடைத்தால். பயணிகள் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம் இன்னொரு 250 டாலருக்கும் வழி செய்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் எது அமலில் இருக்கிறதோ அதன்படிதான் கணக்கு. டிஎஸ்-160 என்ற படிவத்தில் 'எங்கே தங்குவீர்கள்' என்ற கேள்விக்குப் பலரும் உறவினர் முகவரியை எழுதிவிடுகிறார்கள். நான் இரண்டு முகவரி எழுத வேண்டியிருக்கும். பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு 2025 ஜனவரியில் தொடக்க விழா நடந்தது. ஆனால் விசா வேலை அப்போது தொடங்கவில்லை. மைசூர்க்காரர்கள் நேர்காணலுக்குச் சென்னை அண்ணா சாலைக்குப் போய்ப் பழகியவர்கள். 2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, சதாப்தியும் இருக்கிறது. ஆனால் காலை நேர்காணலுக்கு இரண்டும் உதவாது. முதல் நாள் இரவு காவேரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் சென்ட்ரல்.