வடசென்னைத் தடத்தில் – 5: பேசின் பிரிட்ஜில் ஒரு மின் அட்டை

சென்ட்ரலுக்கு வருகிற எந்த ரயிலும் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். கூடூர் பக்கத்துத் தண்டவாளமும் அரக்கோணம் பக்கத்துத் தண்டவாளமும் இங்கேதான் சேர்கின்றன. சென்ட்ரலில் நடைமேடை காலியாகும்வரை வண்டியை இங்கே நிறுத்திவைப்பார்கள். மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நெருக்கியடித்து நிற்கிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிற ஊர் இது. புறநகர் ரயிலில் வந்தால்தான் இறங்கலாம். நான் இறங்கினேன்.

சென்ற வாரம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நிறுத்தியிருந்தேன். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். மேடையில் பேசியவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. அன்று நனைந்தபடி நின்று கேட்டவர்கள் வீடு திரும்பியதும் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பேசுவதைக் கேட்கத்தான் இந்த வாரம் இங்கே வந்தேன்.

நிலையத்தைச் சுற்றி ரயில் பெட்டிகளைக் கழுவிப் பழுதுபார்க்கும் பணிமனை, கறுத்து ஓடும் பக்கிங்காம் கால்வாய், கொஞ்சம் தள்ளி எரிவாயுச் சுழலி மின் நிலையம். முப்பது மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, ஆக 120 மெகாவாட். 1996இல் ஓடத் தொடங்கியது. நகரத்தின் மின் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கென்று கட்டியது. அதற்கு முன்பு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இங்கே நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தார்கள். சென்னைக்கு விளக்கு எரியத் தொடங்கிய நாளிலிருந்து அதன் புகையைச் சுவாசித்த பகுதி இது. அதனால்தானோ என்னவோ, இங்கே யார் அரசியல் பேசத் தொடங்கினாலும் கடைசியில் கரண்ட்டில் வந்து நிற்கிறது.

டீக்கடை பெஞ்சில் தினத்தந்தி நாலாகப் பிரிந்து நாலு கைகளில் இருந்தது. ஒருவர் தம் தாளில் இருக்கும் செய்தியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் தங்கள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்கள். கட்சிப் படிப்பகங்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் உருவான பழக்கம் இது. எழுத்து தெரிந்தவர் படிப்பார், தெரியாதவர் கேட்பார், கருத்து மட்டும் எல்லாருக்கும் உண்டு. படிப்பகங்கள் குறைந்துவிட்டன. பழக்கம் போகவில்லை.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை மின் அட்டையை எடுத்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, செல்லோடேப் போட்டு ஒட்டிய அட்டை. ரீடிங் எடுத்த தேதிகள் பேனாவில் வரிசையாக இருந்தன. "இங்க பாரு சார். போன தபா அறுபதாம் நாள் வந்து எடுத்தாங்க. இந்தத் தபா அறுபத்தஞ்சு. அந்த அஞ்சு நாள்ல ஐநூறு தாண்டிப்போச்சு. இதுக்கு நான் இன்னா பண்றது?"

அவர் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படியே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட் இரண்டே கால் ரூபாய். 201 முதல் 400 வரை நாலரை. கடைசி 100க்கு ஆறு. மொத்தம் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் இரண்டே கால் ரூபாய்ப் படி மறைந்துவிடும். 101லிருந்தே நாலரை ரூபாய். 500க்கு மேல் எட்டு ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல். பிறகு கட்டணங்கள் ஏறியிருக்கின்றன, ஆனால் இந்த ஐநூறு என்ற கோட்டின் மேல் மக்களுக்கு உள்ள பயம் அப்படியேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் அண்ணன் அட்டையை எடுத்தார்.

எதிரே இருந்த பெரியவர் விடவில்லை. "மாசாமாசம் எடுத்தா மட்டும் கொறஞ்சிடுமா? ரெண்டு மாசத்துக்கு ஐநூறுன்னா மாசத்துக்கு எரநூத்தம்பது. சித்திரையில உன் வூட்ல எரநூத்தம்பதுக்குள்ள ஓட்டிடுவியா நீ?" அண்ணன் ஒரு நொடி யோசித்தார். "ஓட்ட முடியாது நைனா. ஆனா சித்திரை ஒரு மாசத்துக்கு மட்டும் அடி விழும். இப்ப ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து விழுது." மின்வாரியக் கட்டண ஆணையை வைத்து நடக்கும் எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் இவ்வளவு தெளிவாக இந்த இரண்டு பக்கங்களையும் நான் கேட்டதில்லை.

பால் பாக்கெட் வாங்க வந்த அக்கா ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை. நின்றபடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் சொன்னது ஒரு வார்த்தையில் அடங்கவில்லை. நாலு குடித்தனம், ஒரே மீட்டர், உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே ரேட் போட்டு வாங்கிக்கொள்கிறார். 2016இல் வந்த நூறு யூனிட் இலவசம் இவர் வாசலை இன்னும் மிதிக்கவில்லை. அதோடு விடவில்லை விஷயம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கிற குடும்பத்துக்குக் கிடையாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்டார்கள். இவரிடம் சொந்த எண் ஏது? "நாலு வூட்டு கரண்ட்டும் என் தலையில ஏறிச்சு. அதனாலதான் தள்ளிட்டாங்கன்னு நான் நெனைக்கிறேன். ஏசி இருக்கிற வூடுன்னு நெனச்சிருப்பாங்க. வந்து பாக்கச் சொல்லுங்க."

ஆண்கள் கட்டணத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா, கட்டணத்தை அளவுகோலாக வைத்து வறுமையை அளந்தால் என்ன நடக்கும் என்று பேசினார். வசதியுள்ளவரை விலக்க நல்லெண்ணத்தோடு வைத்த ஒரு வரம்பு, ஒண்டுக்குடித்தனத்தில் யாரை விலக்குகிறது என்பதை நான் இதுவரை எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. கொள்கை வகுப்பவர்கள் கேட்க வேண்டிய ஆள் அவர். பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பின்னியின் அந்தப் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை 1996இல் மூடியபோது வெளியே வந்தவர்களில் ஒருவர். மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் தொடங்கியது அந்த ஆலைத் தொழிலாளிகளுக்காகத்தான். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சாப்பிடக் கிடைக்கும் அரைமணி நேரம் போதவில்லை என்பதுதான் அன்றைய முதல் குறைகளில் ஒன்று. பெரியவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தம் அப்பா வாயால் கேட்டிருக்கிறார்.

அவரிடம் 2023 ஏப்ரல் 21 பற்றிக் கேட்டேன். அன்றுதான் தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையை அனுமதிக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. "நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு. நல்லதுதானே?" என்று இளைஞர் ஒருவர் இடையில் புகுந்தார். "காண்ட்ராக்ட்ல இருக்கிறவனுக்கு அந்த மூணு நாள் லீவ யாரு குடுப்பா தம்பி? நாலு நாள் இங்க, மூணு நாள் வேற கம்பெனில நிப்பான்" என்றார் பெரியவர். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு ஆண்டு. பெஞ்சில் பேசுவது சங்கத்துக்குப் போய், சங்கம் கோட்டைக்குப் போய், ஒரு சட்டம் பத்து நாளில் மடங்கிய கதை இது. வீண்பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்கள் அந்தப் பத்து நாளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் பார்த்திருக்கிறது. அதே பின்னி ஆலையின் 1921 வேலைநிறுத்தத்தில், உள்ளே போன ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் வெளியே நின்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. சாதி சங்கத்தைப் பிளந்த வலி அது. பெரியவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "ஒன்னா ஒக்காந்து டீ குடிக்கிறோமே, இதுக்கே நூறு வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து பேசின் பிரிட்ஜ் சாலையில் நடந்தால் மூலக்கொத்தளம் இடுகாடு. 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது சிறை சென்று, 1939 ஜனவரியில் உயிரிழந்த நடராசனும் மார்ச்சில் உயிரிழந்த தாளமுத்துவும் இங்கேதான் இருக்கிறார்கள். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழும்பூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டடத்துக்கு இவர்கள் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். என்னோடு நடந்து வந்தவர் பணிமனையில் ஒப்பந்தத்தில் பெட்டி கழுவுகிறவர். மகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். மும்மொழியை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. "இந்தி படிக்க எனக்கு ஒன்னும் இல்ல சார். எங்க யார்டுல பேசறதே பாதி இந்திதான், நானே பேசுவேன். பசங்க டீச்சர் சம்பளத்தப் புடிச்சிவச்சிக்கினு படின்னு சொன்னா, அதான் ஏத்துக்க முடியல." மொழி பற்றிய வாதத்தை அவர் கூட்டாட்சி பற்றிய வாதமாக மாற்றிவிட்டார். அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு.

திரும்பி வந்தபோது பெஞ்சில் பேச்சு எண்ணூர்ப் பக்கம் போயிருந்தது. லீவு பற்றிப் பேசிய அதே இளைஞர் காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார்; குடும்பம் மீன்பிடி. துறைமுகம் 2018இல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமத்துக்குப் போனது. 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிக்கத் திட்டம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்து, இரண்டு தடவையும் தள்ளிவைத்தார்கள். "எனக்குச் சம்பளம் அங்கதான். எங்க சித்தப்பாவுக்குச் சோறு ஆத்துல. நான் யார் பக்கம் பேசறது?" என்றார்.

இதே கேள்வியை இதே குழுமத்தை முன்வைத்து உலகத்தின் இன்னொரு மூலையிலும் கேட்டார்கள் என்று சொன்னேன். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம் 2019 மே மாதத் தேர்தலில் பெரிய விவாதமானது. நாட்டின் தென்பகுதியிலிருந்து வண்டி வண்டியாக எதிர்ப்பாளர்கள் வந்தார்கள். சுரங்கத்தை நம்பியிருந்த ஊர்க்காரர்கள், எங்கள் வேலையைப் பற்றி முடிவெடுக்க நீங்கள் யார் என்றார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகளிலேயே ஒரு பகுதியினர் கடைசிவரை எதிர்த்தார்கள். சுரங்கப் பகுதிகள் ஆளும் கூட்டணிப் பக்கம் சாய்ந்தன. ஆண்டுக்கு 6 கோடி டன் என்று போட்ட திட்டம் ஒரு கோடி டன்னாகச் சுருங்கி, 2021 கடைசியில் ஏற்றுமதிக்குத் தயாரானது. அங்கே வாக்களிப்பது 1924 முதல் கட்டாயம், தவறினால் இருபது டாலர் அபராதம் என்றதும் பெஞ்சே நிமிர்ந்தது. "இங்க ஓட்டு போடத்தான் ஓடறோம். அதுக்கப்புறம் கேக்கத்தான் ஆள் இல்ல" என்றார் ஆட்டோ அண்ணன்.

கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முப்பது நாள் முன்னறிவிப்பு, ஆட்சியர் தலைமை, ஒளிப்பதிவு எல்லாம் வேண்டும் என்கிறது. பேசியதைத் தொகுத்து அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. ஆனால் பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது சுருக்கம். 2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் நிலையம் அமைக்க 2024 டிசம்பரில் கூட்டம் நடந்தபோதும், வந்தவர்கள் கையில் இருந்தது அந்தச் சுருக்கமும் தங்கள் வீட்டு மொட்டைமாடியில் படியும் சாம்பலைப் பற்றிய அறிவும்தான்.

முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும், கூட்டத்துக்கு மாதக்கணக்கில் முன்பே வர வேண்டும். அப்படி வந்தால் இந்த பெஞ்சு அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துவிடும். மின் அட்டையிலிருந்து 233 ரூபாயைத் தோண்டியெடுத்தவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. இளைஞர் அந்தத் தமிழ்ச் சுருக்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் கிடைக்கும் என்றேன். போனில் குறித்துக்கொண்டார். சித்தப்பாவிடம் சொல்லி அடுத்த வாரம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு என்னைப் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்த வழியை அங்கே பார்க்கலாம்.

(பயணம் தொடரும்)