நடுப்பெட்டியின் சூடு

தாரை வெட்டி இறக்கிய பிறகும் வாழைக்காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிஜனை இழுக்கிறது, கார்பன் டை ஆக்ஸைடையும் சூட்டையும் வெளியே விடுகிறது. பழுக்கத் தொடங்கிவிட்டால் அந்த மூச்சு பல மடங்கு வேகமெடுக்கும். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பழுக்கவைக்கும் கூடத்தில் வேலை கற்கச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்தேன். சென்சாரைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் காயைப் பற்றித் தெரியாது. அதைக் கற்றுத்தந்தவர் அங்கே சேம்பரை, அதாவது காயைப் பழுக்கவைக்கும் குளிரறையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி அண்ணன்.

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் ஜி9 ரக வாழைக்காய்தான் அங்கே பெரும்பாலும் வரும். சீப்பு சீப்பாக அறுத்து, பால் போகக் கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, சேம்பருக்குள் ஏற்றுவார்கள். சுவரில் இருக்கும் திரை 16.5 டிகிரி என்று காட்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால், அண்ணன் ஊசிமுனை வெப்பமானியை என் கையில் கொடுத்து, அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டியைத் திறந்து ஒரு காயின் சதைக்குள் இறக்கச் சொல்வார். அங்கே 19, சில சமயம் 20 இருக்கும்.

"காத்துக் குளுந்து என்ன செய்ய தம்பி? காய் குளுரணும்ல" என்பார்.

இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் முக்கியமானது அதுதான். சுவரில் மாட்டிய சென்சார் காற்றை அளக்கிறது. வியாபாரி விற்பதும் நாம் தின்பதும் சதையை. நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளின் நடுவே குளிர்காற்று நுழையாது. காய் விடும் சூடும் வெளியே வராது. சதையின் சூடு 16-லிருந்து 18 டிகிரிக்குள் இருந்தால் பழம் ஒரே சீராக நிறம் மாறும். அதற்கு மேலே போகப்போகச் சதை முந்திக்கொண்டு குழைகிறது, தோல் பின்தங்குகிறது. 24 டிகிரியைத் தாண்டினால் ஜி9 போன்ற ரகங்களின் தோலில் பச்சையம் முழுதாகக் கரைவதே இல்லை. வெளியே பச்சை, உள்ளே கூழ். அப்படிப் போன பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள்.

குளிர் மிஞ்சினாலும் கேடுதான். பழுக்கவைக்காமல் காயாகவே இருப்பு வைக்கும்போது 13-லிருந்து 14 டிகிரி வேண்டும். 13-க்குக் கீழே இறங்கினால் தோலுக்கு உள்ளே பழுப்புக் கோடுகள் விழும். அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பழுத்துக் கடைக்குப் போன பிறகு மஞ்சள் ஏறாமல் சாம்பல் பூத்தது போல நிற்கும். அண்ணன் கத்தியால் தோலை மெல்லிசாகச் சீவி அந்தக் கோடுகளைக் காட்டுவார். இருப்பு வைக்கும்போது கூலருக்கு நேர் எதிரே இருக்கும் காயில் ஊசியை வை, பழுக்கவைக்கும்போது நடுப்பெட்டியில் வை என்பது அவர் விதி. எந்தக் காய் முதலில் கெடுமோ அதற்குத்தான் காவல். எந்தப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

முன்பு எல்லாரும் புகைமூட்டம் போட்டுத்தான் பழுக்கவைத்தார்கள். பிறகு கார்பைடு கல் வந்தது. அது விடும் அசிட்டிலீன் வாயு பழுக்கவைக்கிறது. ஆனால் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீனுக்கு 100 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. அது பழங்களே தமக்குள் சுரந்துகொள்ளும் வாயு. 1934-இல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேயர் இதை நிறுவினார். எத்திலீனை அளக்கும் மலிவான சென்சார்கள் சாராய ஆவியையும் எத்திலீன் என்றே எண்ணிவிடும். அதனால் சேம்பருக்குள் கையில் சானிடைசர் தடவிக்கொண்டு யாரும் போகக்கூடாது.

என் படிப்பு உதவிய இடம் கார்பன் டை ஆக்ஸைடு சென்சார். அந்த வாயு ஒரு சதவீதத்தை, அதாவது 10,000 பி.பி.எம்.மை நெருங்கினால் எத்திலீன் வேலை செய்வது மந்தமாகும். காய் பாதியில் நின்றுவிடும். உடனே காற்றை மாற்ற வேண்டும். அலுவலக அறைகளுக்கென்று விற்கும் சென்சார்கள் பல 5,000-த்தோடு நின்றுவிடுபவை, இங்கே உதவாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பல சென்சார்கள் சில நாட்களுக்கு ஒருமுறை தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். அந்த நாட்களில் கண்ட ஆகக் குறைந்த அளவை வெளிக்காற்று, அதாவது சுமார் 400 என்று எடுத்துக்கொள்ளும். இரவில் ஆளில்லாத அலுவலகத்துக்கு அது சரி. மூச்சுவிடும் காய் நிறைந்த சேம்பரில் காற்று அவ்வளவு சுத்தமாவதே இல்லை. சென்சார் பொய்யான அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 10,000 இருக்கும்போது அதைவிடக் குறைத்துக் காட்டும். அந்த வசதியை அணைத்துவிட்டு, நாமே வெளியே கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். இதை அண்ணனுக்கு விளக்கியபோது அவர் கேட்ட கவனத்தை என்னால் மறக்க முடியாது.

ஈரப்பதச் சென்சாரைச் சரிபார்க்க உப்பே போதும். கல்லுப்பைத் தூளாக்கி, ஈரமணல் பதத்தில் நீர் விட்டு, இறுக மூடிய டப்பாவுக்குள் சென்சாரோடு வைத்தால் சில மணி நேரத்தில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 90-க்கு மேலேயே ஈரம் நிற்கும் அறையில் இந்தச் சென்சார்கள் சீக்கிரமே தடம் மாறும்.

பெட்டியோடு பயணம் செய்து சூட்டைப் பதிந்துகொண்டே வரும் டேட்டா லாகர் என்னைத் தோட்டம் வரை கூட்டிக்கொண்டு போனது. உச்சி வெயிலில் வெட்டி, வரப்பிலேயே கிடந்த காய் எவ்வளவு சூட்டோடு வந்தது என்பது அதில் கோடாகவே தெரியும். விடியற்காலையில் வெட்டி நிழலில் வைத்த காயைக் குளிர வைக்கக் கூலர் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை, கரண்டும் மிச்சம். பழம் கெட்டால் விவசாயி மேல் பழி போட்டு விலையைக் குறைப்பது சந்தையில் வழக்கம். காய் தோட்டத்தில் கெட்டதா, லாரியிலா, சேம்பரிலா என்று அந்தக் கோடு காட்டிவிடும். பதினோரு, பன்னிரண்டு மாதம் நீர் பாய்ச்சி, முட்டுக்கொடுத்து வளர்த்தவர் அடுத்தவர் தவறுக்குப் பணம் கட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

கூடம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் வரைபடம் காட்டும் பெரிய கருவிகளுக்குச் செலவிடும் முன் நல்ல ஊசி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை, நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்து அது 0 காட்டுகிறதா என்று பாருங்கள். ஏற்றிய ஒவ்வொரு முறையும் நடுப்பெட்டியின் சூட்டை நோட்டில் எழுதுங்கள். விவசாயிகளே, உங்கள் காய்க்கு விலை குறைக்கிறார்கள் என்றால் அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.