மணற்காட்டில் பார்த்ததும் ஒரு சின்னக் கோரிக்கையும்

போன சனிக்கிழமை தரம் 7 பிள்ளைகளோடு மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்குப் போய்வந்தோம். படம் எங்கே என்று பலர் கேட்டீர்கள். ஃபோனுக்குள் மணல் போய்விட்டது. அதனால் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் காடு என்று நடக்க இடம் குறைவு. வல்லிபுரக் கோயிலைத் தாண்டிக் குடத்தனைப் பக்கம் போனால் மணல்மேடும் சவுக்கும் வரும். சோளகக் காற்று நன்றாக அடித்தது. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில், "சேர், இங்க ஒண்டும் இல்லையே" என்றார்கள்.

உண்மைதான். சவுக்கஞ்சருகு மெத்தையாய்க் கிடக்கும் இடத்தில் வேறு செடி லேசில் முளைக்காது. சவுக்கு நம் ஊர் மரமும் இல்லை. அவுஸ்திரேலியா, தென்கிழக்காசியப் பக்கத்து மரம். மணலைப் பிடித்துவைக்க இங்கே நட்டார்கள். வேர் முடிச்சுகளில் வாழும் பக்டீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் வளர்கிறது. ஊசி இலை என்று நாம் நினைப்பது மெல்லிய கிளை. அதன் கணுவில் பல்லுப்போலத் தெரிவதுதான் இலை. இதைச் சொன்னதும் ஒருவர் கணுவில் கழற்றித் திரும்பச் செருகி, "எந்த இடத்தில உடைச்சன், சொல்லுங்க பாப்பம்" என்று தொடங்க, அரைமணி நேரம் அதிலேயே போனது.

சாப்பிட இருந்த இடத்தில் மணலில் புனல்போலச் சின்னச் சின்னக் குழிகள். ஓர் எறும்பு தவறி விழுந்தது. ஏற ஏற, அடியிலிருந்து யாரோ மணலை வீசி எறிகிறார்கள். பிறகு எறும்பைக் காணவில்லை. சருகு அள்ள வந்த அம்மா ஒருவர் குழியோடு மண்ணை அள்ளி உள்ளங்கையில் காட்டினார். "குழியானை. பின்பக்கமாத்தான் நடக்கும்." வளர்ந்தால் தும்பிபோல இறகு வைத்துப் பறக்கும் என்று நாங்கள் சேர்த்துச் சொன்னோம். அது புத்தகத்தில் படித்தது.

"எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்று கேட்டார். பாதிப்பேர் "சோனகதெரு" என்றார்கள், பாதிப்பேர் பழக்கத்தில் "புத்தளம்" என்றார்கள். அவர் சிரித்தார். எங்கள் இரண்டு ஆசிரியர்களையும் கேட்டிருந்தாலும் தடுமாறித்தான் இருப்போம். 1990 ஒக்டோபரில் உம்மாமாரின் கையைப் பிடித்து வெளியேறியபோது எங்களுக்கு ஆறேழு வயது. செடிகொடியின் பேர் பழகும் வயது புத்தளத்து உப்பளப் பக்கம் போய்விட்டது.

கடற்கரையில் அடம்பன்கொடி, இராவணன் மீசை எல்லாம் பார்த்தோம். பக்கத்திலேயே உழவு இயந்திரம் மண் அள்ளிய தடமும் கிடந்தது.

திரும்பும்போது ஓர் எருக்கலையில் புழுக்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. முதுகில் மூன்று சோடி கறுப்புக் கொம்பு. எருக்கலைப் பாலின் நஞ்சை உடம்பிலேயே சேர்த்துவைப்பதால் குருவிகள் இதைத் தொடப் பயப்படும். வண்ணத்துப்பூச்சியான பிறகும் அந்த நஞ்சு காவல். "சேர், இந்தச் செடி எங்கட பக்கத்து இடிஞ்ச வீட்டுக்குள்ள நிக்குது" என்றாள் ஒரு பிள்ளை.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தோம். கூரை இல்லாத வீடு. குசினி இருந்த இடத்தில் ஆளுயர எருக்கலை. எருக்கலை முளைத்த வீடு என்றால் நம் உம்மம்மாமார் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் இலைக்கு அடியில் ஏழு புழு, ஒரு பச்சைக் கூடு. பிள்ளைகள் கொப்பியில் திகதி போட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த வளவைத் துப்புரவாக்கி வீடு கட்டப்போவதாக அறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ், மிகவும் சந்தோசம். உரித்தான குடும்பம் இதை வாசித்தால் ஓர் உதவி: குசினிப் பக்கத்து அந்த ஒரு செடியை மட்டும் மூன்று கிழமைக்கு விட்டுவையுங்கள். அதற்குள் எல்லாம் பறந்துவிடும். பிறகு வெட்ட நாங்களே பிள்ளைகளோடு வருகிறோம், கத்தியும் கொண்டுவருவோம்.