பிறெத்தாஞ் கரையில் நாங்கள்

பிரான்சின் மேற்கு முனையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிறெத்தாஞ் மாகாணத்துக்கு வேலை தேடி வந்தவர்கள் நாங்கள். நாட்டின் பன்றிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வளர்கின்றன. அவற்றை வெட்டித் துண்டுபோட இறைச்சித் தொழிற்சாலைகளில் எப்போதும் ஆள் தேவை. குளிர் அறையில் நின்று விரல்கள் மரத்துப்போகும். ஆனாலும் சம்பளச் சீட்டு ஒழுங்காக வரும். வதிவிட அட்டை புதுப்பிக்க அதுதானே வேண்டும்!

வடகரையில் சென் போல் து லெயோன் பக்கம் போனால் பூக்கோவாத் தோட்டங்கள். கடற்காற்றால் அங்கே பனிக்குளிர் குறைவு.

புதிதாக வந்த குடும்பங்களே, கடலைக் கண்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் வெட்டும் அதே பன்றிகளின் கழிவும் வயல் பசளையும் மழையோடு ஆற்றில் இறங்குகின்றன. கோடையில் சென் பிறியூ குடாப் பக்கம் பச்சைப் பாசி குவிகிறது. அது அழுகினால் நச்சுவாயு. மேலே காய்ந்த வெள்ளைத் தோல், மிதித்தால் உள்ளிருந்து கிளம்பும். 2009 இல் சென் மிசேல் ஓங் கிறேவ் கரையில் ஒரு குதிரை செத்தது; அதோடு போனவர் மயங்கி விழுந்தார். கூழ்முட்டை மணம் வந்தால் உடனே திரும்புங்கள். வாயு கடுமையானால் மணமே தெரியாது. ஆகவே மணமில்லை என்றும் பாசியில் கால் வைக்கவேண்டாம்.

பாசியில்லாத கரைகள் நிறைய உண்டு. வற்று நேரம் பார்த்து மட்டி பொறுக்கப் போகிறோம்.